நன்றி அறிவிப்பு

தீர்த்தகிரிக்கு
நான்கு தேர்தலுக்கும் சுவரொட்டி அடித்தவன் நான்.
செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் அச்சகம்.
பாக்கி இன்னும் வரவில்லை, அது வேறு கதை.

முதல் முறை பரிசல் சின்னம்.
மழை பொய்த்த வருஷம்.
திருமணிமுத்தாற்றில் சாயத்தண்ணீர்தான் ஓடியது.
'பரிசலை எங்கய்யா ஓட்டுவே?'
குழாயடியில் சிரித்த அத்தனை பேருக்கும்
ஓட்டு இருந்தது.

அடுத்தது ஒரே ஓட்டில் போயிற்று.
அந்த ஒன்று,
சாவடி வாசல்வரை வந்து பனிக்குடம் உடைந்து
பெரியாஸ்பத்திரிக்குத் திரும்பிய அவர் மனைவி.
மகள் பிறந்தாள்.
விஜயா என்று வைக்கலாமே என்றேன்.
முறைத்தார்.

மூன்றாவதில் ஜெயித்தேவிட்டார்!
பட்டாசு வாங்கப்போன பையன் வருவதற்குள்
கோர்ட்டுத் தடை.
பிறகு வார்டையே கிழித்துப் பங்கு வைத்தார்கள்.
இப்போது அவர் வீட்டு வாசல் ஒரு வார்டில்,
கொல்லை இன்னொன்றில்.

நான்காவது, சமம்.
பித்தளைக் குடத்தில் இரண்டு சீட்டு.
என் பிள்ளையே எடுக்கட்டும் என்றார்.
ஐந்தாம் வகுப்புக்காரி
கண்ணை மூடி எடுத்து, பிரித்து,
ஒப்புவித்தல் போட்டிக் குரலில்
திக்காமல் வாசித்தாள்
எதிராளியின் பேரை.

நம்பி நான் முன்கூட்டியே அடித்துவைத்த
'வெற்றி! நன்றி!' எண்ணூறு தாளும்
எடைக்குப் போயிற்று.

நேற்று நாலு ரோட்டில்
ஆளுக்கொரு தட்டுவடை செட்.
பீட்ரூட் துருவலுக்கு அடியில்
கும்பிட்டபடி அவரே.

கொஞ்ச நேரம் பார்த்தார்.
மூக்கின்மேல் இருந்த சட்னியை வழித்துத் தின்றார்.
'படம் நல்லா விழுந்திருக்கு இருசப்பா,
அடுத்த தடவைக்கும் இதையே போடு.'

பாக்கியைக் கேட்க வாயைத் திறந்தேன்.
வாய் நிறையத் தட்டுவடை.