காற்றுக்கு ஒரு கட்டம்

திருக்கடலூரில் செவ்வாய்க்கிழமை பத்து மணி.
பாலர் பள்ளிக் கதிரைகள் சின்னவை;
ஐந்து பெண்கள் முழங்கால் மடித்து
என் டேப்லெட்டைப் பார்க்கிறார்கள்.

முதல் கடன் முப்பதாயிரம்.
செபமலர் அதில் ஐஸ்பெட்டி வாங்கினா, தராசு வாங்கினா,
பைசிக்கிளுக்குப் பின் டயர்.
ஒரு தவணையும் பிந்தவில்லை.

தலைமையகம் மகிழ்ந்து
ஒரு லட்சம் தரலாம் என்கிறது.
‘எடுங்கோ அக்கா’ என்கிறேன்.
என் மாத இலக்குக்கு இன்னும் பதினொரு பேர் வேணும்,
அதைச் சொல்லவில்லை.

அவ விரல் மடிக்கிறா:
கார்த்திகை, மார்கழி, தை.
‘வாடை எழும்பினா தோணி கரையில கிடக்கும்.
மீன் வராது.
நீங்க வருவீங்க.’

யாரோ சிரித்தார்கள்.

‘போன மார்கழி எனக்காக மெற்றில்டா கட்டினா.
அவவின்ர காப்பு இன்னும் அடகுக் கடையில.
உங்கட கணக்கில நான் ஒழுங்காக் கட்டினவள்.

கூட வேண்டாம் தம்பி, அதே முப்பதைத் தாங்கோ.
மூன்று மாசம் விடுங்கோ.
சூடை படுற மாசத்தில இரட்டிப்பாக் கட்டுறன்.’

தேடினேன்.
வயதுக்குக் கட்டம் உண்டு,
கூரை ஓடா தகரமா, கிணறு சொந்தமா, பொதுவா,
அதற்கெல்லாம் உண்டு.
காற்றுக்கு இல்லை.

காகிதமென்றால் ஓரத்திலாவது எழுதியிருப்பேன்.

கடைசியில் ‘பிற கடன்கள்’ என்ற இடத்தில்
வாடைக்காற்று, மூன்று மாதம்
என்று அடித்தேன்.
இலக்கம் மட்டும், என்றது.

மூன்று என்று போட்டேன்.

கொழும்பில் யாரோ இனி
செபமலருக்கு வேறு மூன்று கடன் என்று நினைப்பார்கள்.
முழுப் பொய்யில்லை.