இணைந்து வழங்குவோர்

போகல் சந்தில் மருந்துக் கடையை ஒட்டி
என் ஜெராக்ஸ் மெஷின்.
பக்கம் இரண்டு ரூபாய், ஸ்கேன் பத்து,
டைப் அடித்துத் தர முப்பது.
ஏவஸ் அலி வந்தால் மட்டும்
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும்.

ஸ்பான்சர் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம்
ராத்திரி எட்டு மணித் தொடருக்கு முன்னால்
மஞ்சள் தூளும் சலவைப் பொடியும்
இணைந்து வழங்கும் என்று ஒரு குரல் சொல்லுமே, அதுதான்.
இவனுக்கு அது ஐந்து மனிதர்கள்.
கனடாவில் சாஸ்கட்டூன் என்கிற ஊர்,
அந்தப் பெயரை அடிப்பதற்குள் எனக்கு மூன்று தப்பு.
ஓய்வு பெற்ற நர்ஸ், பல் டாக்டர், பஸ் ஓட்டும் பெண்மணி,
அப்புறம் ஒரு புருஷன் பெண்டாட்டி.
ஒரு வருஷத்து வாடகை, அரிசி, குளிருக்குக் கோட்டு
எல்லாம் எங்கள் பொறுப்பு என்று
முன்னே பின்னே பார்த்திராதவனுக்குக் கையெழுத்துப் போட வேண்டும்.
என் சித்தப்பா, கூடப் பிறந்த அண்ணனுக்கே
கூட்டுறவு வங்கியில் ஜாமீன் நிற்க மாட்டேன் என்றவர்.

பிறந்த தேதி, ஜனவரி ஒன்று.
மனைவி மாசூமாவுக்கும் ஜனவரி ஒன்று.
மச்சானுக்கும்.
"உங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒருநாள்தான் பிரசவமா?" என்றேன்.
சிரித்தான். ஜாகோரியில்
பாதாம் கருகிய வருஷம், ஆடுகள் செத்த வருஷம், அவ்வளவுதான் கணக்காம்.
எங்கள் விழுப்புரம் பக்கத்தில்
பள்ளியில் சேர வந்த அத்தனை பிள்ளைகளையும்
ஜூன் மாதத்தில் பிறக்க வைத்தார் ஒரு ஹெட்மாஸ்டர்
என்று நான் இந்தியில் சொல்லி முடிப்பதற்குள்
பக்கம் காலாவதியாகி, முதலிலிருந்து வா என்றது.

பதினேழாவது கேள்வி.
நாடு திரும்ப ஏன் இயலாது? உங்கள் சொந்தச் சொற்களில்.
ஐந்நூறு எழுத்துக்கு மேல் அந்தப் பெட்டி வாங்காது.
அவன் சொன்னான், நான் அடித்தேன்.
கஜ்னி சாலையில் பேருந்தை நிறுத்துவார்கள்.
பெயர் கேட்க மாட்டார்கள், முகம் போதும்.
அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.
அதற்கு மேல் அவன் சொல்லவில்லை.
பெட்டியில் முன்னூற்றுச் சொச்சம் எழுத்துக்கு இடம் காலியாக இருந்தது.
அதே முகத்தைப் பார்த்துத்தான் இங்கே ஆட்டோக்காரர்
"ஏய் நேபாளி, தள்ளி நில்" என்கிறார்.
எட்டு வருஷமாகத் தள்ளித் தள்ளி நிற்கிறான்.
அகதி அட்டையை வருஷா வருஷம் புதுப்பித்துத் தருகிறார்கள்,
ஆளை அல்ல.

பங்குனியில் பஸ் ஓட்டும் பெண்மணி விலகிவிட்டார்.
கணவருக்குப் பக்கவாதம், மன்னிக்கவும் என்று நீளமான கடிதம்.
நாலு பேர் சேர்ந்தால்
பாடை தூக்கலாம் ஐயா,
ஒரு ஆளைக் கூப்பிட முடியாதாம்.

அதே வாரம்தான் நாலா ஓரத்து எங்கள் வரிசை வீடுகளில்
சிவப்புப் பெயிண்டில் எண் எழுதிவிட்டுப் போனார்கள்.
எனக்கு விழுந்தது இருநூற்றுப் பதினொன்று.
இங்கேயே குடியிருந்ததற்கு அத்தாட்சி கொண்டு வா.
பழைய ரேஷன் கார்டு கண்ணாடிமேல் நிமிரவே மாட்டேன் என்றது.
ஏவஸ் இரண்டு கையாலும் மூடியை அழுத்திப் பிடித்தான்.
"சாட்சிக் கையெழுத்து நான் போடட்டுமா, பழனியம்மா?"
செல்லாது என்றேன்.
தெரியும் என்று தலையாட்டிவிட்டு
பத்து ரூபாயை மேசைமேல் வைத்தான். ஸ்கேன் ஒன்று.

நேற்று ஒரு மெயில்.
யாரோ நீச்சல் வாத்தியார், ஐந்தாவது ஆளாக வரலாமா என்று யோசிக்கிறாராம்.
ஒரு சந்தேகம் மட்டும்:
எங்கள் ஊர்ப் பனியை உங்களால் தாங்க முடியுமா?
ஏவஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.
எழுது, என்றான்.
எங்கள் வீட்டுக் கூரை தட்டை.
விடியும் முன் மரப்பாரையோடு ஏறுவோம், அண்ணன் அந்த ஓரம், நான் இந்த ஓரம்.
தள்ளாவிட்டால் கூரை இறங்கிவிடும்.
தெருவில் குவிந்த பனிக்குள் குடைந்து பள்ளிக்கூடம் போவோம்.
அண்ணன் முன்னால் போவான், அவன் கால் வைத்த குழியில் நான் கால் வைப்பேன்.
பனிக்குச் சத்தம் உண்டு என்று அவரிடம் சொல்...

ஃப்ரீசரைச் சுரண்டும்போது தவிர
நான் பனியைத் தொட்டதில்லை.
மே மாதம், நாற்பத்து நாலு டிகிரி,
மெஷினுக்குப் பின்னால் அனல்.
எத்தனை எழுத்து ஆயிற்று என்று நான் பார்க்கவே இல்லை.