எக்கோ வசதியுடன்

என் முதல் பேஸ் கிட்டாரைச் செய்தவர்
கீரைத்துறையில் கட்டில் செய்கிறவர்.
உடம்புக்கு மாம்பலகை, கழுத்துக்குப் பழைய நிலைத் தேக்கு.
"இதுக்குக் கால் எத்தனை தம்பி?"
காலில்லை, கம்பி நாலு என்றேன்.
நாலு காலுக்கே கூலி வாங்கிக்கொண்டார்.

பிக்கப்புக்குச் செப்புக்கம்பி சுற்றியவர்
சிலைமானில் பம்புசெட் மோட்டார் பார்க்கும் இப்ராம்ஷா.
எத்தனை சுற்று என்று அவர் கேட்கவில்லை,
எனக்கும் தெரியாது.
டீ வரும்வரை சுற்றினார்.
அதனால்தானோ என்னவோ
எந்த ஊர் மேடையில் செருகினாலும்
கிணற்றுக்குள் தண்ணீர் ஏறுகிற உறுமல் ஒன்று
எனக்கு முன்னால் வாசிக்கத் தொடங்கிவிடும்.

கம்பி ஒரு செட் நாற்பத்தெட்டு ரூபாய்.
கச்சேரிக்கு எனக்கு முப்பது.
கழற்றி, சோடா உப்புப் போட்டு
ரசச் சட்டியில் அவித்தேன்.
வெந்த கம்பி மூன்று நாள் கணீரென்று பேசும்,
நாலாம் நாள் தொண்டை கட்டிக்கொள்ளும்.
அம்மா அந்தச் சட்டியை அப்புறம் தொடவில்லை.

கோவர்த்தனனின் ஆர்கனில்
மேல் மத்தியமம் செத்துப்போயிருந்தது.
அந்தச் சுரம் வருமிடத்தில்
தலையை மட்டும் ஆட்டுவான்.
உசிலம்பட்டியில் ஒருவர் அதற்கே கைதட்டினார்.
பேசிய பணம் தராத ஊர்களிலிருந்து
சூசைராஜின் பெரிய டிரம்முக்குள்
தேங்காய்கள் உருண்டு வந்தன,
தெப்பக்குளம் வரை தாளம் தப்பாமல்.

ஆனால் நோட்டீஸில்
எங்கள் பெயர்களைவிடப் பெரிதாக அச்சானது
'எக்கோ வசதியுடன்'.
இரண்டு பழுதான ஸ்பூல் ரெக்கார்டரை
ஒன்றாக்கிச் செய்த பெட்டி.
மரகதவல்லி "வணக்கம்" என்றால்
நாகமலையே திரும்ப வணங்கும்.
இருமினாலும் அப்படித்தான்.

சோழவந்தான், வைகாசி.
மூன்றாம் பாட்டின் நடுவில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
கமிட்டிக்காரர்கள் இருட்டோடு இருட்டாய்க் கலைந்தார்கள்.
பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எங்களுக்குள் ஆரம்பித்த சண்டை
அரசரடி வந்தும் அடங்கவில்லை.
விடிவதற்குள் பிரித்துக்கொண்டோம்:
ஆம்ப்ளிபயர் அவனுக்கு, டிரம் இவனுக்கு,
ஏழு கச்சேரிச் சம்பளத்துக்கு ஈடாக
எக்கோ பெட்டி மரகதவல்லிக்கு.
ஒரு வாத்தியமும் வாசிக்காதவர்
இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு
டவுன் பஸ் ஏறினார்.
யாரும் கை கொடுக்கவில்லை.
நானும்தான்.

இருபத்தாறு வருடம்.
வில்லாபுரத்தில் அவர் வீட்டுச் சமையலறையில்
பெட்டிமேல் மாவுப்பானை இருந்தது.
"இட்லிக்கு உசரம் சரியா இருந்துச்சு" என்றார்.
ரப்பர் பெல்ட் கருவாடாகியிருந்தது.
பால்காரர் போடும் ரப்பர் பேண்டு நாலைப் பின்னி மாட்டினேன்.
செருகினோம். பல்லி ஒன்று ஓடியது.
வால்வு சிவந்தது.

இந்த மாதிரிப் பெட்டியில்
அழிக்கிற ஹெட் முதலில்,
பதிகிற ஹெட் அடுத்து,
ஒலிக்கிற ஹெட் கடைசியில்.
கரண்டு போன இரவு
பதிந்துவிட்டு, ஒலிப்பதற்குள் நின்றுபோன
இரண்டு அங்குல நாடா மட்டும் பாக்கி.
அரை நொடி இருக்கும்.
ஒரு தரம் கேட்கலாம்,
சுற்றி வந்தால் அழிந்துவிடும்.
இதை அவரிடம் சொல்ல வாயெடுப்பதற்குள்
ஸ்பீக்கர் திறந்துகொண்டது.

என் பம்புசெட் உறுமல்.
அதன் மேல் ஒரு குரல்,
"ண்ணே, பே..."

அவ்வளவுதான். பிறகு இரைச்சல்.

"நான்தான்" என்றார் மரகதவல்லி.
"அண்ணே, பேஸைக் கொஞ்சம் குறைங்கன்னு
சொல்ல வந்தேன் அன்னைக்கு."
"குறைச்சிருப்பேன்."
"மாட்டீங்க."

நாடா ஓடிக்கொண்டிருந்தது,
எங்கள் மௌனத்தைப் பதிந்து, ஒலித்து, அழித்து.
நிறுத்துகிற சுவிட்சு
எந்தப் பக்கம் என்று
எனக்கும் மறந்துபோயிருந்தது, அவருக்கும்.