பதினேழாம் மதகு

காலை ஐந்தரைக்கு வண்டியை நிறுத்துகிறேன்.
யாக்கிமா பள்ளத்தாக்கில் ஜூலை.
மலை விளிம்பில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம்.
மதகுகளைத் திறப்பதும் மூடுவதும் என் வேலை.
பதினாறு வரை கை தானாகச் சுழற்றிவிடும்.
பதினேழில் ஒரு பூட்டு,
பூட்டின் மேல் ஒரு தாள்,
தாளுக்கு மழைக்கு நனையாத உறை,
உறைக்குள் ஒன்றியத்தின் கழுகு.

இந்தத் தண்ணீர் ஒன்றியத்தினுடையது.
பனியாகப் பெய்தபோது அது யாரையும் கேட்கவில்லை,
உருகியபோதும் கேட்கவில்லை.
அணையில் தேங்கிய பிறகுதான்
அதற்குக் குடியுரிமை வந்தது.

மாரிசெலா ஒன்டிவெரோஸுக்கு எட்டு ஏக்கர்.
கொட்டகைச் சுவரில், மகளின் பள்ளிப் படத்துக்குப் பக்கத்தில்,
மாநிலம் கொடுத்த உரிமம்.
மரச்சட்டத்துக்குள் ஒரு சட்டம்,
ஓர் ஆணியில் தொங்குகிறது.
அவளுடைய ஒவ்வொரு கஞ்சாச் செடியின் கழுத்திலும்
மாநிலம் ஓர் எண் கட்டியிருக்கிறது.
ஒன்றியத்துக்கு அவள் குற்றவாளி.
ஏப்ரல் மாதம் மட்டும்
வரி செலுத்தும் மதிப்புக்குரிய குடிமகள்.

வாய்க்காலுக்கு மேற்கே ஹூக்ஸ்ட்ராவின் ஹாப்ஸ் கொடிகள்,
பதினெட்டடிக் கம்பியில் ஏறி
பீருக்குக் கசப்பு காய்க்கின்றன.
இரண்டும் ஒரே குடும்பம் என்பார் விதைக்கடைக்காரர்.
இலையைக் கசக்கி முகர்ந்தால் நமக்கே தெரியும்.
பங்காளிகள்.
ஒருவருக்கு மடை திறக்கிறேன்,
மற்றவருக்கு முன்னால்
பார்க்காதவன் போல் வண்டியை ஓட்டுகிறேன்.

வாரம் மூன்று நாள்
நகரத்திலிருந்து லாரித் தண்ணீர் வருகிறது அவளுக்கு.
நிரம்பி ஓடும் வாய்க்கால் ஓரமாகவே
புழுதி கிளப்பிக்கொண்டு வரும் அந்த லாரி.
ஒருநாள் என்னை மறித்துக் கேட்டாள்:
"எது எந்தத் தண்ணின்னு செடிக்குத் தெரியுமா?
இல்ல, தண்ணிக்கும் மோப்ப நாய் வச்சிருக்கீங்களா?"
நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.
சம்பளம் வாங்குகிறவனுக்குத் தொப்பி ஒரு வசதி.

என் கதையும் ஒன்று சொல்ல வேண்டும்.
வலது முழங்கால் போய் நான்கு வருடம்.
மனைவி இரவில் ஒரு களிம்பு தடவுகிறாள்,
கடைத்தெருவில் ரசீதோடு வாங்கியது.
முழங்கால் மாநிலத்தில் இருக்கிறது.
அக்டோபரில் ஒரு பிளாஸ்டிக் கோப்பையை நீட்டுவார்கள்;
அதில் விழுவது ஒன்றியத்துக்குச் சொந்தம்.
இரண்டு அரசுகளுக்கும் எல்லைக்கோடு
என் உடம்பில் எங்கோ
இடுப்புக்குக் கீழே ஓடுகிறது.

இன்று பதினேழாம் மதகைத் தாண்டி நாற்பது தப்படியில்
கான்கிரீட்டில் ஒரு விரிசல் பார்த்தேன்.
தலைமுடி அகலம்.
குனிந்து தொட்டால் விரல் நனைகிறது.
கரையின் கிழக்குச் சரிவில் ஈரம் இறங்கி,
வேலியைக் கேட்காமல்,
அவளுடைய முதல் வரிசையில் பொசிகிறது.
அந்த வரிசை மட்டும்
மற்றவற்றைவிட ஒரு சாண் உயரம்.
அவள் கவனித்திருப்பாள்.
கவனிக்காமல் இருக்கமாட்டாள்.

தினசரிப் படிவத்தில் ஒரு கேள்வி:
கசிவு உண்டா, இல்லையா.
இரண்டே கட்டங்கள்.
பேனாவை உதறுகிறேன், மை வருகிறது,
இன்னொரு முறை உதறுகிறேன்.

அந்தப் பக்கம் ஹூக்ஸ்ட்ராவின் பம்ப் இருமி எழுகிறது.
வெயில் ஏறுவதற்குள்
பதினெட்டைத் திறந்தாக வேண்டும்.