எரியாத டீசல்

பிணை என்ன என்று படிவம் கேட்கிறது.
நான்கு விரற்கடை இடம்.
எழுத வேண்டியது
இன்னும் எரியாத டீசல்,
இனி எரியப்போகாத டீசல்.
அதை எந்தப் பீப்பாயில் ஊற்றிப் பூட்டி
மேலாளரிடம் சாவி கொடுப்பேன்?

மாதவரம் லாரி நிலையம், பிற்பகல் மூன்று.
தன் பதினாறு சக்கரத்தின் ஏறுபடியில்
உட்கார்ந்து கேட்டார் தஸ்தகீர்.
கூரைமேல் ஒரு வளைதகடு,
காற்று முட்டாமல் வழுக்கிப் போகும்.
பக்கவாட்டில் இரண்டு பாவாடை.
"பாவாடையா?"
அப்படித்தான் சொல்வார்கள் அண்ணே,
அடியில் காற்று புகாமல் இருக்க.
உருளத் தயங்காத டயர், பதினாறும்.
"காத்தாண்ட சமாதானம் பேச
நாலு லட்சமா மேடம்?"

நாக்பூர் போய்வர இரண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர்.
லிட்டருக்கு மூன்று புள்ளி இரண்டு
மூன்று புள்ளி ஆறாகும்.
இரண்டுக்கும் ஆறுக்கும் இடையில்தான்
என் வேலை, என் இலக்கு, என் போனஸ் எல்லாம்.
நடைக்கு ஏழாயிரம் மிச்சம், மாதம் மூன்று நடை,
தவணை பதினாறாயிரத்து நானூற்று ஐம்பது.
கையெழுத்துப் போட்டு
மை காய வாயால் ஊதினார்.

தகடு பொய் சொல்லவில்லை.
மூன்று புள்ளி ஏழுகூட வந்தது,
பங்க் பில்லை வாட்ஸப்பில் அனுப்பினார்,
கூடவே ஒரு சிரிக்கும் முகம்.
பொய் சொன்னது
கடைசிப் பதினோரு கிலோமீட்டர்.

எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை.
விரைவு, பெயரில்.
துறைமுக வாயிலைப் பார்த்துக்
கன்டெய்னருக்குப் பின் கன்டெய்னர்,
ஒரு பகல், ஓர் இரவு, இன்னொரு பகல்.
காற்றைக் கிழிக்கத் தயாரான வண்டி
காற்றே அசையாத இடத்தில் நின்றது.
மூன்றாவது நடை வரிசைக்குள்ளேயே செத்தது.

தவணை தவறிய எட்டாம் நாள்
ஸ்கூட்டியில் வண்டிகளை எண்ணிக்கொண்டே போனேன்.
நூற்று நாற்பத்தேழாவது.
ஓடாத வண்டியில் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.
"அணைங்க அண்ணே, மணிக்கு ரெண்டு லிட்டர் போவுது."
"அணைச்சா ஃபேன் நிக்கும்.
உள்ள கிளீனர் பையன் தூங்கறான்.
இரும்பு டப்பா மேடம் இது,
ஒரு அவர் உக்காந்து பாருங்க."
உட்கார்ந்தேன்.
இருபது நிமிடம்.

எர்ணாவூரில் அந்த வரிசை
என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகிறது,
அதை அவரிடம் சொல்லவில்லை.
மூட மறந்த தயிரில் கறுப்பாய் ஆடை படியும்.
மகளின் வெள்ளைச் சீருடை
கொடியிலிருந்து இறங்கும்போது வேறு நிறம்.
நான் விற்றது
நாக்பூர் சாலைக்கான நல்ல காற்று.

படிவத்தின் அடியில் 'இதர' என்றொரு கட்டம்.
தனி பேட்டரி இரண்டு, சின்ன விசிறி ஒன்று,
இருபத்தோராயிரம் என்று எழுதினேன்.
மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
"திட்டத்துல தகடு இருக்கு, டயர் இருக்கு.
ஃபேனுக்கெல்லாம் கடன் கிடையாதும்மா."
அவர் அறையில் ஏசி இருபத்திரண்டில் இருந்தது.

கழற்றிய பழைய டயர்களை
மூலக்கடையில் விற்றார் தஸ்தகீர்.
அந்தப் பணத்தில் தவணை கட்டவில்லை,
பேட்டரி வாங்கினார்.
என் பதிவேட்டில் அவர் பெயர் சிவப்பு.

நேற்றிரவு பத்தரை மணி.
வரிசை முழுக்க உறுமல்,
நடுவில் ஒரு வண்டி நீளத்துக்கு மட்டும்
பல் விழுந்த இடம்போல் அமைதி.
இறங்கி முகப்பில் கை வைத்தேன்.
சூடில்லை.
உள்ளே விசிறி சுற்ற
வாய் திறந்து தூங்குகிறான் பையன்.
கண்ணாடி இறங்கியது.
"பாக்கிக்கு வந்தீங்களா?"
இல்லை என்றால் பொய்.
ஆமாம் என்றாலும்.

பின்வண்டிக்காரன் லுங்கியை மடித்துக்கட்டி
இறங்கி வந்தான்.
"பேட்டரி எவ்ளோபா ஆச்சு?"
கேட்டது
என்னிடமல்ல.