ஒரு வழிக் கட்டணம்

லாபிஸிலிருந்து ஈப்போ. ஒரு வழி.
ஐந்நூற்று எண்பது வெள்ளி, டோல் தனி.
போனில் பேரம் பேசாத முதல் ஆள்.

விடிகாலை நாலு மணி.
செம்பனை லாரிகள் இன்னும் கிளம்பவில்லை.
பழைய ரப்பர் ஆலை வாசலில் நின்றாள்.
ஒரு துணிப்பை,
துண்டில் சுற்றிய கரண்டு சோற்றுப்பானை.
பின்பெட்டியில் வைக்கவா என்றேன்.
வேண்டாமென்று பக்கத்தில் உட்காரவைத்து
அதற்கும் பெல்ட் மாட்டினாள்.

எதற்குப் பயணம் என்று கேட்கவில்லை.
கேட்காமலிருப்பதும் கட்டணத்தில் அடக்கம்.
சிகாமட் தாண்டும்வரை அவள் போன் அடித்துக்கொண்டே வந்தது.
தங்காக் டோலில் ஓய்ந்தது,
பேட்டரியோ, அழைத்தவனோ.

தாப்பா ஓய்வுத்தளத்தில்
கோப்பி ஓ இரண்டு வாங்கிவந்தாள்.
"என்னை இறக்கிட்டு எப்படித் திரும்புவீங்க?"
காலியாத்தான்.
"அந்தக் காலிக்கும் சேர்த்துத்தானே காசு?"
பொய் வரவில்லை. தலையாட்டினேன்.
"அப்போ திரும்புற சீட்டு என்னுது.
யாரையும் ஏத்தாதீங்க."
விளையாட்டுக்குச் சொன்னாளா, தெரியாது.
கோப்பி சுட்டது.

ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடிப்படி.
பானையை இடுப்பில் வைத்து ஏறினாள்.
மேலே யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்.
அதற்குமேல் பார்ப்பது என் வேலையில்லை.

பஸ் நிலையத்தருகே ஒருவன் கண்ணாடியைத் தட்டினான்,
கையில் இருநூறு வெள்ளி.
"சிகாமட் போகணும்ணே, பின்னாடி காலிதானே?"
திரும்பிப் பார்த்தேன்.
சீட்டு இன்னும்
பானை வட்டத்துக்கு அமுங்கியே கிடந்தது.

"ஆள் இருக்கு" என்றேன்.

கோப்பெங் வரை
என்னையே திட்டிக்கொண்டு ஓட்டினேன்.