படகு என்றொரு ஊர்

வூச் என்றால் போலிஷ் மொழியில் படகு.
ஆற்றைத்தான் எவரும் கண்டதில்லை;
கல் தெருவுக்கு அடியில், குழாயில் ஓடியது.
எங்கள் முக்கில் மட்டும்
ஒரு குதிரைவண்டி நீளத்துக்குத் திறந்திருக்கும்:
திங்கள் நீலம், வியாழன் கருஞ்சிவப்பு,
ஆலை அன்று எதை முக்குகிறதோ அது.

யாட்விகா ஒற்றைக் காலை விட்டுவிட்டாள், வெள்ளைக் காலுறையோடு.
அவள் அம்மா அடிக்கவில்லை.
மற்றதையும் நனைத்துக்கொண்டு வா என்றாள்.
ஓடினோம்.
அதற்குள் நிறம் மாறிவிட்டது.

பதினாறு வயதில் இருவரும் அதே ஆலைக்குள்.
தறி இரைச்சலில் காதுக்கு வேலையில்லை,
உதட்டைப் படித்தோம்.
மேஸ்திரி பார்ட்னிட்ஸ்கியின் முதுகுக்குப் பின்னால்
அவர் மீசையைப் பற்றியே ஒரு வாரம் பேசினோம்.
திரும்பாமலே சிரித்தார் மனிதர்.
எதிரே ஜன்னல் கண்ணாடி.

முப்பத்தோரு வருடம்.
பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, உறையில் கடைசிச் சம்பளம்.

இப்போது அங்கே விலையுயர்ந்த வீடுகள்.
வாசலில் காவலாளி, "யாரைப் பார்க்கணும்?"
எனக்குச் சட்டென்று ஒரு பெயரும் வரவில்லை.

திரும்பும்போது, எதிர்த் திசை டிராம்.
மூடிய கண்ணாடிக்குள் யாட்விகா,
நடுவே அத்தனை போக்குவரத்து.
உதட்டை அகல விரித்துச் சொன்னாள்:
முட்டை விலையைப் பார்த்தாயா, கொள்ளை.

ஒரு சொல் விடாமல் கேட்டது.